ஆராட்டு நாளில் பறந்த விமானம்

கிழக்கே கோட்டை பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டருக்குப் பின்னால் பதினான்கு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலையில் வரும் முதல் வியாதி முதுகுவலி. இரண்டாவது, மனிதர்களை எடை போடத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. முதுகுவலிக்காவது தைலம் கிடைக்கிறது.

ஏர்போர்ட் பஸ்ஸைப் பற்றிக் கேட்க வருகிறவர்களை வைத்துத்தான் என் ஆராய்ச்சியெல்லாம். நெய்யாற்றின்கரைக்குப் போகிறவனின் குணத்தை அவன் ஏறும் பஸ்ஸை வைத்துச் சொல்ல முடியாது. அவனுக்கு வேறு வழி இல்லை, ஏறுகிறான். விமானம் பிடிக்கப் போகிறவன் கதை வேறு. அவனுக்கு பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, ஃபோனில் தட்டினால் வந்து நிற்கும் டாக்ஸி இருக்கிறது, மச்சினன் கார் இருக்கிறது. இத்தனையில் எதைப் பிடிக்கிறான் என்பதில் ஆள் வெளியே வந்துவிடுவான் என்பது என் கட்சி.

ஒரு அம்மாள் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நேராக டீக்கடைக்குப் போய் அதையே கேட்டார். அப்புறம் நின்றிருந்த ஒரு டிரைவரிடம் கேட்டார். கடைசியில் என்னிடமே திரும்பி வந்து, "பதினொண்ணே காலுக்காணு, கேட்டோ" என்று எனக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போனார். யாரையும் முழுசாக நம்பாதவர்கள்தான் பஸ்ஸில் போவார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது. கணினிக் கம்பெனிப் பையன்கள் வேறு ரகம். பஸ் இன்னும் பத்து நிமிடத்தில் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய டாக்ஸி வந்துவிடும். பத்து நிமிடம் சும்மா நிற்பது அவர்களால் ஆகாத காரியம். வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலருக்கு வழியனுப்ப வண்டி நிறைய ஆள் வேண்டும், பஸ்ஸில் தனியாகப் போனால் போன மாதிரியே இருக்காது. இன்னும் சிலர் பஸ் நேரத்தைக் கேட்டு எழுதியும் வைத்துக்கொண்டு, பஸ் வரும்போது ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். அவர்களை மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

என் அக்காவை எனக்குப் பிடிபட்டிருந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். கல்யாணம் ஆகி மஸ்கட் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள், கரமனையில் எங்கள் வீட்டில் ஒன்பது நாளோ பத்து நாளோ இருப்பாள், போவாள். ஒரு தடவைகூட ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடித்ததில்லை. அத்திம்பேரின் அண்ணா நெடுமங்காட்டில் இருக்கிறார், கார் வைத்திருக்கிறார், அனுப்புகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். வேண்டாம் என்றுவிடுவாள். "ஆட்டோக்காரனுக்கும் கார்க்காரனுக்கும் பாதி வழியில மனசு மாறும்டா. பஸ்ஸுக்கு மனசே கிடையாது, போற வழியில போயிண்டே இருக்கும்" என்பாள். கிளம்பும் நேரமும் அப்படித்தான். விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் வீட்டுப் படியைத் தாண்டிவிடுவாள். மழை பெய்தாலும் சரி, ஹர்த்தால் முடிந்த நிமிடமானாலும் சரி. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போய், டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு வருவேன். சொன்ன சொல்லில் நிற்கிறவர்கள் இப்படித்தான் பயணம் போவார்கள் என்று கவுண்டரில் எத்தனையோ பேரிடம் அவளை உதாரணம் காட்டியிருக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்பா கோயில் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நான்கு வருடத்துக்கு முன் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பகலில் ஒரு ஹோம் நர்ஸ் வந்து பார்த்துக்கொள்கிறாள், மற்ற நேரமெல்லாம் நான். எங்கள் சமூகத்தில் இப்போது பெண்கள் எல்லோரும் படித்துவிட்டு பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவனுக்கு, அதுவும் கட்டிலில் அப்பாவோடு இருக்கிறவனுக்கு, யார் வருவார்கள்? போன ஜாதகமெல்லாம் சுவரில் அடித்த பந்துதான். நானும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பள்ளிக்கூட டீச்சர். என்னைவிட மூன்று வயது சின்னவள். பொருத்தம் இருக்கிறது என்றார்கள். அவளுடைய அம்மா என்னிடம் பேசிவிட்டு, ஒரு நாள் ஃபோனை அவளிடம் கொடுத்தாள். என்ன படிப்பு, என்ன சம்பளம் என்று கேட்பாள் என்று நான் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். அவள், "உங்க அப்பாவால காபி டம்ளரைத் தானே பிடிச்சுக்க முடியறதா, இல்லை ஸ்பூன்ல கொடுக்கறேளா?" என்று கேட்டாள்.

ஸ்பூனில்தான் என்றேன். "ஸ்ட்ரா போட்டுப் பாருங்கோ, எங்க அப்பாவுக்கு அப்படித்தான் கொடுத்தேன், கடைசி வரைக்கும் தானே குடிச்சார்" என்றாள். மறுநாள் காலையில் ஸ்ட்ரா வாங்கினேன். அப்பா நான்கு வருடத்துக்கு அப்புறம் தானாகக் காபி குடித்தார். முகம் தெரியாத ஒரு பெண் மேல் எனக்கு அந்தக் காலையில் வந்ததற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

பெண் பார்க்கும் நாளை வியாழக்கிழமை என்று வைத்தார்கள். "உங்க அக்காவையும் கூட்டிண்டு வாங்கோ" என்றாள் அந்த அம்மாள். அதுதான் முறையும்கூட. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தனியாகப் போய் ஒரு வீட்டில் பெண் பார்க்க உட்கார மாட்டான். வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி உள்ளே போய்ப் பேச வேண்டும், பெண்ணைப் பார்க்க வேண்டும், பூ வைக்க வேண்டும். எனக்கு அம்மா இல்லை. அக்காவை விட்டால் ஆள் கிடையாது. மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டேன். சந்தோஷமாகத்தான் பேசினாள். "அந்த நாளையே வெச்சுக்கோடா. நான் பொண்ணைப் பார்த்துட்டுத்தான் பிளேன் ஏறுவேன்" என்றாள். நான் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை லீவு எழுதிக் கொடுத்தேன். புதுச் சட்டை தைத்தேன். கவுண்டரில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அக்கா வந்தாள். முதல் மூன்று நாள் பேச்செல்லாம் இந்தச் சம்பந்தம்தான். பெண் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போவாள், இங்கே வேலை மாற்றிக்கொண்டு வருவாளா, வேலையை விடுவாளா, அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் என்ன செய்வாய் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டாள். அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். ஸ்ட்ரா விஷயத்தையும் சொன்னேன். "பரவாயில்லையே" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை வார்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "செவ்வாய்க்கிழமையே நான் போணும்டா. அத்திம்பேர் டிக்கெட்டை மாத்திட்டார். அங்க ஆபீஸ்ல ஏதோ பிரச்சினையாக்கும்."

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை நிற்காது. என்னென்னவோ கத்தினேன். அப்புறம் கெஞ்சினேன், அதுதான் இப்போது நினைத்தால் அதிகம் கூசுகிறது. இரண்டு நாள், இரண்டே நாள் என்று விரலைக் காட்டிக் கெஞ்சினேன். அவள் அழுதாள். "நான் என்னடா பண்ணுவேன், மாத்த முடியாத டிக்கெட். அடுத்த தடவை வரச்சே கண்டிப்பா போகலாம், அவா எங்க ஓடிப் போறா?" என்றாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. அடுப்பை அணைத்துவிட்டு நானே அவளைச் சமாதானம் செய்தேன். பெண் வீட்டுக்கும் ஃபோன் செய்து, அக்கா அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொன்னேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, பார்க்கலாம்" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அல்பசி ஆராட்டு, ஐப்பசி உற்சவம் முடிந்து பெருமாள் கடலில் நீராடும் நாள். இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஏர்போர்ட் ரன்வே, பெருமாள் கடலுக்குக் குளிக்கப் போகும் வழியில் இருக்கிறது. வழி பழையது, ரன்வே புதியது. அதனால் வருடத்தில் இரண்டு நாள், ஆராட்டு ஊர்வலத்துக்காக ரன்வேயை மூடிவிடுவார்கள். சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. விமானக் கம்பெனிகளெல்லாம் முன்கூட்டியே நேரத்தை மாற்றிச் செய்தி அனுப்பிவிடும்.

அக்கா இரண்டரை மணிக்குக் கிளம்பினாள். நான் பெட்டியை எடுக்கப் போனேன். "நீ வரண்டாம்டா, அப்பா தனியா இருப்பார். நான் போய்க்கறேன்" என்றாள். நர்ஸ் இருக்கிறாளே என்றேன். "வரண்டாம்னா கேளேன்" என்று கொஞ்சம் கடுப்பாகச் சொன்னாள். நான் கத்தியதில் இன்னும் வருத்தம் போகவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பெட்டி வழக்கத்தைவிட லேசாக இருந்ததும் அப்போதே கையில் தெரிந்தது.

அவள் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இரண்டரைக்குக் கிளம்பியிருக்கிறாள் என்றால் விமானம் ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு இன்றைக்கு எந்த விமானம்? மாறிய நேரத்தை இவள் பார்க்கவில்லை. அவசரத்தில் டிக்கெட்டை மாற்றியதில் அந்தச் செய்தி எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கும். கோட்டையில் பிறந்து வளர்ந்தவள் ஆராட்டு நாளை மறந்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் வரை அங்கே பட்டினி கிடக்கப் போகிறாள். ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் சந்தேகம் ஒரு துளிகூட வரவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வந்தது பாவம் மட்டும்தான். மத்தியானம் மீந்த சாதத்தில் தயிர் விட்டுப் பிசைந்து, நார்த்தங்காய் வைத்து, டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆராட்டு நாளில் ஏர்போர்ட்டுக்குப் போகிறவன் புத்தியுள்ளவன் இல்லை. மேற்கே கோட்டைப் பக்கம் வழியெல்லாம் அடைத்தாகிவிட்டது. இன்னின்ன பஸ் இன்னின்ன வழியாகச் சுற்றிப் போகும் என்று வருடா வருடம் ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான், அன்றைக்கு நானே பேட்டை வழியாகச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஒரு காலில் நின்றுகொண்டு போனேன். சாக்கையில் இறங்கி மிச்ச தூரம் நடந்தேன். போய்ச் சேரும்போது ஆறு மணிக்குக் கால் மணி இருந்தது.

ஏர்போர்ட் வாசல் வெறிச்சென்று இருந்தது. ஒரு காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மஸ்கட் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "ஒம்பதரை கழியும் சேட்டா. இன்னு ஆராட்டல்லே?" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டு மறுபடி ஃபோன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"எங்க இருக்காய்?" என்றேன்.

"உள்ள தான்டா. செக்யூரிட்டி எல்லாம் கழிஞ்சாச்சு."

"வெளில வர முடியுமோ கேட்டுப் பாரு. தயிர் சாதம் கொண்டு வந்திருக்கேன்."

"நீ எங்க இருக்காய்?" என்று கேட்டாள்.

"வாசல்ல."

"ஐயோ, நீ என்னத்துக்குடா இத்தனை தூரம் வந்தாய்? போர்டிங் கூப்ட்டாச்சு. க்யூல நிக்கறேன், பிளேன் இதோ எடுத்துடுவா. வெச்சுடட்டா?"

அவள் குரலுக்குப் பின்னால் காக்கைகள் கத்தின. நான்கைந்து காக்கைகள், அடையப் போகிற நேரத்துச் சத்தம். அந்த நேரத்தில் பெருமாள் ரன்வேயில் போய்க்கொண்டிருந்தார். ராஜா முன்னே நடக்க, யானை போக, போலீஸ்காரர்கள் வரிசையாக நடக்க, விமானம் ஓட வேண்டிய இடத்தில் ஊரே கூட நடந்துகொண்டிருந்தது. என் அக்காவை மட்டும் அந்த நேரத்தில் விமானத்தில் ஏறக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்போதே கேட்டிருக்கலாம். "சரி, பத்திரமா போ" என்று சொன்னேன். அதைச் சொன்னதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து தயிர் சாதம் முழுவதையும் தின்று தீர்த்தேன். கோபத்தில் எனக்குப் பசி அதிகம்.

வீட்டுக்குப் போனதும் அப்பா கண்ணைத் திறந்தார். அவருக்குப் பேச்சு குழறும், ஆனால் அக்காவைப் பற்றிக் கேட்பது எனக்கு நன்றாகப் புரியும். எத்தினாளா, போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டார். எத்தினாள் என்றேன். மறுநாள் காலையில் அவளிடமிருந்தே செய்தி வந்தது: "எத்தியாச்சு. இங்கே நல்ல சூடு." பொய் சொல்கிறவர்கள் எத்தியாச்சு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எனக்கு வந்த யோசனைகளை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அத்திம்பேருக்கு உடம்பு சரியில்லையோ, அதை மறைக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். வேலை ஏதும் போய்விட்டதா, இங்கேயே எங்கேயாவது இருக்கிறார்களா என்று கவலைப்பட்டேன். எடுத்த லீவை ரத்து செய்துவிட்டு புதன்கிழமை வேலைக்குப் போனேன். பெண் பார்க்கப் போகாதவனுக்கு லீவு எதற்கு?

வியாழக்கிழமை. அந்த நேரத்தில் நான் கல்லிடைக்குறிச்சியில் சொஜ்ஜி பஜ்ஜி தின்றுகொண்டிருக்க வேண்டும். பொன்முடி ரூட்டில் போகும் ஒரு கண்டக்டர் எங்கள் கவுண்டரில் எட்டிப் பார்ப்பது வழக்கம். மணக்காட்டுக்காரர், பேச்சு அதிகம், அக்காவை அவருக்கு நன்றாகத் தெரியும். வந்ததும் வராததுமாக, "சாமீ, சேச்சியெ இன்னலெ கண்டு கேட்டோ" என்றார். நேற்று அக்காவைப் பார்த்தாராம்.

"எங்கே?"

"கல்லாறில. எல்லாரும் உண்டு, சாமியுட அளியன், அளியன்றெ சேட்டன், ரெண்டு கார் நிறைய ஆளு. ஆத்துல இறங்கிக் குளிச்சுண்டு நின்னா. சேச்சி மட்டும் மேலே பொன்முடிக்கு நம்மடெ வண்டியில வந்து. அத்தனை வளைவில காரில இருக்கான் பேடியாம்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "சனியாழ்ச்ச வரை அவிடெ தன்னெ உண்டாம். சாமி போயில்லே?"

அளியன் என்றால் அத்திம்பேர். அவர் மஸ்கட்டில் இல்லை. அக்காவும் இல்லை. இரண்டு பேரும் சனிக்கிழமை வரை மலையடிவாரத்தில் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அப்படியும் அவள் கார் வளைவில் ஏறப் பயந்து பஸ்ஸில்தான் ஏறியிருக்கிறாள். நான் எடை போட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அவள் பஸ்காரிதான், அணுவளவும் மாறவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் கூடப் பிறந்தவனை ஏமாற்ற மாட்டார்கள் என்று நானாகத்தான் கூடச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் 'ஆள் இல்லை' பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, பழவங்காடிப் பக்கம் நடந்து போய் ஒரு கடை மறைவில் நின்று ஃபோன் செய்தேன்.

"மஸ்கட்ல நல்ல சூடா?" என்றேன்.

"ஆமாம்டா, என்ன இந்த நேரத்துல..."

"பொன்முடில குளிரும்னு சொன்னாளே."

அவளுக்கு இடம் கொடுக்காமல் நான் பேசினேன். ஆராட்டு அன்றைக்கு, பெருமாள் ரன்வேயில் போகும்போது நீ எந்த பிளேன் ஏறினாய் என்று கேட்டேன். கோட்டையில் பிறந்தவளுக்குப் பொய் சொல்ல வேறு நாள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். கடையில் தேங்காய் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கத்தினேன். ரெண்டு நாள் மலைக்குப் போக வேண்டும் என்றால் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, வியாழக்கிழமை ஒரு நாள் எனக்குக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "மலைக்குப் போறதுக்காக இல்லைடா."

"பின்னே எதுக்கு?"

"அவ வந்து, அப்பாவைப் பார்த்துக்க முடியாதுன்னு சொல்லிட்டா? உன்னைக் கூட்டிண்டு தனியாப் போயிட்டா? அப்பாவை நான் மஸ்கட்டுக்கு எப்படிடா கொண்டு போவேன்? அத்திம்பேர் ஒத்துக்க மாட்டார். அவர்தான் சொன்னார், இப்போ எல்லாம் நல்லபடியா போயிண்டிருக்கு, அதைக் கலைக்க வேண்டாம்னு."

நல்லபடியாக. நான்கு வருடமாக அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பதும், துடைப்பதும், இரவில் மூன்று தடவை எழுந்திருப்பதும், அந்த வீட்டில் எனக்குப் பேச ஒரு ஆள் இல்லாததும் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்கு நான் தம்பி இல்லை. அவளுடைய ஏற்பாடு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். என் அக்கா ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்தினாள்.

"ஸ்ட்ரா போடச் சொன்னாளே, அதைச் சொன்னேனோல்லியோ உன்னிடம்?" என்றேன்.

"முதல்ல எல்லாரும் அப்படித்தான்டா சொல்லுவா" என்றாள்.

அவள் அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோனை வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் மனுஷனாக இல்லை. எதிரே கேட்கிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். சனிக்கிழமை அவர்கள் கரமனையைத் தொடாமலே ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். எதில் போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு வைராக்கியம் வந்தது. யாரும் வேண்டாம். தனியாகவே போகிறேன், முறையாவது மண்ணாவது. கல்லிடைக்குறிச்சிக்கு ஃபோன் செய்தேன். டீச்சரே எடுத்தாள்.

நடந்ததையெல்லாம் சொல்லவில்லை. அக்காவுக்கு வர முடியாமல் போய்விட்டது, பரவாயில்லை, நான் மட்டும் வரலாமா என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை நீங்க வரலைன்னதும் அம்மா தென்காசியிலேர்ந்து வேற ஒருத்தரை வரச் சொல்லிட்டா" என்றாள். "எனக்கு வயசாறதோல்லியோ, அம்மாவையும் குத்தம் சொல்ல முடியாது. வெத்தலை பாக்கு மாத்தியாச்சு."

நல்லது, சந்தோஷம் என்றேன். வேறு என்ன சொல்வது? வைக்கப் போனவள் வைக்காமல், "அப்பா ஸ்ட்ராவுல குடிக்கறாரா?" என்று கேட்டாள்.

"குடிக்கறார்."

"ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்கோ. அக்காவைக் கூட்டிண்டு வாங்கோன்னு அம்மா முறைக்குத்தான் சொன்னா. நீங்க மட்டும் வந்திருந்தா வாசல்லயே நிறுத்தி வெச்சிருப்போமா? நான் அன்னிக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டேன். நீங்க எப்படியும் வருவேள்னு நினைச்சேன்."

ஃபோன் வைத்த அப்புறமும் வெகுநேரம் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து காலை ஐந்தரைக்குத் தென்காசி பஸ் இருக்கிறது. அதை விட்டால் ஆறே காலுக்கு ஒன்று. தென்காசியில் இறங்கினால் அம்பாசமுத்திரம் வழியாகக் கல்லிடைக்குறிச்சிக்குப் போக அரை மணிக்கு ஒரு பஸ். பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த வியாழக்கிழமை காலையிலும் கவுண்டரில் யாரோ வந்து தென்காசிக்கு எப்படிப் போவது என்று கேட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேரமெல்லாம் சரியாகச் சொல்லி அனுப்பினேன்.